கூலியின் மேல் 350 சதவீதம்: இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது?

கேள்வி: கோவையில் ஒரு பம்ப் தயாரிப்பு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். சி.எம்.ஏ. எனப்படும் அடக்கவிலைக் கணக்காளர் படிப்பின் இடைநிலைத் தேர்வுக்கும் படித்துவருகிறேன். எங்கள் தொழிற்சாலையில் வீட்டு உபயோக மோனோபிளாக் பம்ப் மாதம் 2,000 தயாராகிறது. அதை 200, 200 ஆகப் பத்து பேட்ச்களில் ஓட்டுகிறோம். சாயப்பட்டறைகளுக்கும் கெமிக்கல் ஆலைகளுக்கும் ஸ்பெஷல் பம்ப் மாதம் 100 போகிறது. அவை இரண்டும் மூன்றுமாக வரும் நாற்பது சிறு ஆர்டர்கள். கணினி வழி இயங்கும் சி.என்.சி. இயந்திரங்களின் நேரத்தில் பாதி இதற்கே போகிறது. வாடகை, மின்சாரம், தேய்மானம் போன்ற மேற்செலவு முழுவதையும் ஒவ்வொரு பம்பின் நேரடிக் கூலியின் மேல் 350 சதவீதம் என்று ஏற்றுகிறோம். அந்தக் கணக்குப்படி வீட்டு பம்பில் ஒன்றுக்கு 75 ரூபாய் நஷ்டம், ஸ்பெஷல் பம்பில் 3,500 ரூபாய் லாபம். வீட்டு பம்பை நிறுத்திவிடலாம் என்கிறார் முதலாளி. இந்த முறை எப்படி வந்தது, இன்றும் சரிதானா? பாடப் புத்தகத்தில் மேலாண்மைக் கணக்கியலின் வரலாறு இரண்டே பக்கம். தேர்வில் வராது என்று விட்டுவிடலாமா? இத்தனை ஆண்டு அனுபவம் உள்ள முதலாளியிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது? எண்களைத் தனித் தாளில் இணைத்திருக்கிறேன்.

பதில்: வரலாற்றுக்குப் போகுமுன் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். வீட்டு பம்பை நிறுத்தும் முடிவை இப்போதைக்குத் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். உங்கள் தாளின்படி அந்த பம்ப் 4,200 ரூபாய்க்கு விற்கிறது. மூலப்பொருள் 3,600, நேரடிக் கூலி 150. மீதி 450 ரூபாய். மாதம் 2,000 பம்புக்கு 9 லட்சம் ரூபாய். உங்கள் மொத்த மேற்செலவு 14 லட்சம். நாளையே அந்த பம்பை நிறுத்தினால் 9 லட்சம் வருவது நின்றுவிடும். கட்டட வாடகை நிற்காது, இயந்திரத்துக்கான வங்கித் தவணை நிற்காது, சூப்பர்வைசர் சம்பளமும் நிற்காது. மின்சாரத்திலும் ஸ்டோர்ஸ் செலவிலும் கொஞ்சம் குறையலாம். ஆனால் 14 லட்சத்தில் 9 லட்சத்துக்கு மேல் அப்படியே மறைந்தால்தான் நிறுத்துவதில் பொருள் உண்டு. பம்புக்கு 75 ரூபாய் வீதம் காகிதத்தில் தெரியும் ஒன்றரை லட்சம் நஷ்டத்தைத் தவிர்க்கப் போய், கையில் வரும் 9 லட்சத்தை விடப் பார்க்கிறார் உங்கள் முதலாளி.

இனி அந்த இரண்டு பக்கங்கள். தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். உங்கள் மேசையில் இருக்கும் சிக்கல் அப்படியே அங்கே இருக்கிறது, இருநூற்றைம்பது ஆண்டுப் பழமையோடு.

ஒவ்வொரு பரிவர்த்தனையையும் பற்று, வரவு என இரண்டு இடத்தில் எழுதும் இரட்டைப் பதிவு முறையை 1494இல் வெனிஸில் அச்சான நூலில் லூக்கா பச்சோலி விளக்கினார். வணிகர்களின் கேள்விக்கு அது போதுமானதாக இருந்தது. யார் எனக்குத் தர வேண்டும், நான் யாருக்குத் தர வேண்டும், கடைசியில் மிஞ்சியது எவ்வளவு? துணி வாங்கி விற்பவருக்கு வாங்கிய விலையைச் சந்தையே சொல்லிவிடும். தொழிற்சாலை வந்தபோதுதான் புதுக் குழப்பம் வந்தது. ஒரு பிரிவில் பிசைந்த களிமண் அடுத்த பிரிவுக்குப் போகிறது, அங்கே உருவாகி, சூளைக்குப் போகிறது. நடுவழியில் அதன் விலை என்ன என்று எந்தச் சந்தையும் சொல்லாது. உள்ளே இருப்பவரே கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க வேண்டும்.

அப்படிக் கண்டுபிடித்தவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் ஜோசையா வெட்ஜ்வுட். இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில் 1769இல் எட்ரூரியா என்ற மண்பாண்டத் தொழிற்சாலையைத் திறந்தவர். அரச குடும்பத்தார் வீடுகளில் எல்லாம் அவருடைய ஜாடிகள் இருந்தன. 1772இல் லண்டனில் வங்கிகள் சரிந்து கடன் வறண்டது. சரக்கு குவிந்து கிடந்தது, கையில் பணம் இல்லை. அப்போதுதான் அவர் தானே உட்கார்ந்து ஒவ்வொரு ஜாடிக்கும் என்ன செலவாகிறது என்று எழுத ஆரம்பித்தார். கணக்கைத் தோண்டியபோது எழுத்தர் ஒருவரின் கையாடலும் வெளியே வந்தது. அதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு வேறு. வாடகை, அச்சுகள், எடுபிடிப் பையன்களின் கூலி போன்ற பல செலவுகள், பாண்டம் அதிகம் செய்தாலும் குறைவாகச் செய்தாலும் கடிகாரம்போல ஒரே சீராக ஓடிக்கொண்டிருக்கின்றன என்று தன் கூட்டாளி தாமஸ் பென்ட்லிக்கு எழுதினார். அப்படியானால் ஒரே பொருளை நிறையச் செய்தால் ஒவ்வொன்றின் தலையிலும் விழும் பாரம் குறையும். பிரபுக்களை மட்டும் நம்பாமல் நடுத்தர மக்களுக்கு எட்டும் விலையில் ஜாடிகளை விற்கலாம் என்ற யோசனையை அதே ஆண்டில் அவர் பென்ட்லியிடம் முன்வைத்தார்.

இதை இன்னொரு முறை படியுங்கள். உங்கள் 2,000 வீட்டு பம்புகள்தான் உங்கள் தொழிற்சாலையின் கடிகாரச் செலவைத் தாங்கி நிற்கின்றன. நிலைச் செலவு, மாறும் செலவு என்று நீங்கள் மனப்பாடம் செய்யும் பிரிவினையைப் பணமுடையில் தவித்த ஒரு முதலாளி தன் தேவைக்காகக் கண்டுகொண்டார். எந்த ஆடிட்டரும் அவரிடம் கேட்கவில்லை, எந்தச் சட்டமும் சொல்லவில்லை. மேலாண்மைக் கணக்கியலின் ஒவ்வொரு முறைக்கும் பின்னால் இப்படி ஒருவரின் கேள்வி இருக்கிறது. கேள்வியை மறந்துவிட்டு முறையை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும் இடத்தில்தான் கணக்கு ஏமாற்றுகிறது. உங்கள் 350 சதவீதத்துக்கும் இதுதான் நடந்திருக்கிறது.

அடுத்த பெரிய முன்னேற்றம் அமெரிக்க ரயில்வேயில் நடந்தது. லூயிவில் அண்ட் நாஷ்வில் ரயில்வேயில் இருந்த ஆல்பர்ட் ஃபிங்க் ஜெர்மனியில் பிறந்தவர், பாலம் கட்டும் பொறியாளர். 1870களில் அவர் ஒரு டன் சரக்கை ஒரு மைல் கொண்டுபோக என்ன செலவாகிறது என்று வழித்தடம் வழித்தடமாகப் பிரித்துப் பார்த்தார். ஒரே கம்பெனி, ஒரே தண்டவாளம், ஆனால் தடத்துக்குத் தடம் செலவு பெரிதும் மாறியது. போக்குவரத்தோடு கூடிக் குறையும் செலவு எது, ரயில் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆகும் செலவு எது என்றும் வகைப்படுத்தினார். சராசரி என்ற ஒற்றை எண்ணை வைத்துக் கட்டணம் நிர்ணயிக்கக் கூடாது என்பதை அவருடைய அறிக்கைகளிலிருந்து இன்றும் கற்றுக்கொள்ளலாம்.

ரயில்வேயில் வேலை பார்த்த ஆண்ட்ரூ கார்னெகி அந்தப் பழக்கத்தை எஃகுத் தொழிலுக்குக் கொண்டுபோனார். பிட்ஸ்பர்க் அருகே பிராடக்கில் 1875இல் உற்பத்தி தொடங்கிய எட்கர் தாம்சன் ஆலையில், ஒவ்வொரு பிரிவும் எடுத்த இரும்பு, கரி, கூலி எல்லாம் வவுச்சர் வழியாகப் பதிவாகி, செலவுத் தாளாக அவர் மேசைக்கு வந்தது. செலவைக் கவனித்தால் லாபம் தன்னால் வரும் என்பது அவருடைய கொள்கை. இதில் நாம் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. கார்னெகி பெரிதும் பார்த்தது நேரடிச் செலவுகளைத்தான். அவருடைய ஆலை பெரும்பாலும் ஒரே பொருளை, அதாவது தண்டவாளத்தைச் செய்தது. மேற்செலவை யார் தலையில் ஏற்றுவது என்ற தகராறு அங்கே எழவே இல்லை.

அந்தத் தகராறு இயந்திரப் பட்டறைகளில் எழுந்தது. ஒரே கூரையின் கீழ் நூறு விதமான சாமான் செய்யும் பட்டறை. அங்கே மேற்செலவைக் கூலி விகிதத்தில் பிரிப்பது வழக்கமாக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது அவ்வளவு மோசமான யோசனை இல்லை. கூலிதான் பெரிய செலவு. மேற்செலவில் பெரும்பகுதியும் ஆட்களை மேய்க்கும் செலவுதான். கூலி அதிகமான வேலைக்கு மேற்பார்வையும் அதிகம் தேவைப்பட்டது. கூலிப் பட்டியல் எப்படியும் கையில் இருந்ததால் எழுத்தருக்குக் கூடுதல் வேலையும் இல்லை.

அப்போதே ஒருவர் இதைக் கடுமையாக எதிர்த்தார் என்பதை உங்கள் முதலாளிக்குக் கட்டாயம் சொல்லுங்கள். அலெக்சாண்டர் ஹாமில்டன் சர்ச் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1901இல் ஒரு பொறியியல் இதழில் தொடர் கட்டுரைகள் எழுதினார். பெரிய விலையுயர்ந்த இயந்திரத்தில் ஓடும் வேலைக்கும், மூலையில் இருக்கும் சின்ன லேத்தில் ஓடும் வேலைக்கும் கூலியை வைத்து ஒரே விகிதத்தில் மேற்செலவு ஏற்றினால் இரண்டு விலையும் பொய் என்பது அவர் வாதம். ஒவ்வொரு இயந்திரத்தையும் தனிக் கடையாகப் பாவித்து, அது பிடிக்கும் இடம், தின்னும் மின்சாரம், தேய்மானம் எல்லாவற்றையும் சேர்த்து மணிக்கு இவ்வளவு வாடகை என்று வைக்கச் சொன்னார். இயந்திர மணி விகிதம் என்று நீங்கள் படிப்பது இதைத்தான். உங்கள் பட்டறைக்கு சி.என்.சி. வந்தது அண்மையில். அதன் கணக்குச் சிக்கலுக்கான மருந்து 1901லேயே அச்சாகிவிட்டது.

பிறகு ஏன் கூலி சதவீதம் இன்னும் உயிரோடு இருக்கிறது? ஒரு காம்பவுண்டில் ஐந்து குடித்தனம், ஒரே மின் மீட்டர். கட்டணத்தை ஐந்தாகப் பிரித்தால் மின்வாரியத்துக்கு முழுத் தொகையும் போய்ச் சேர்ந்துவிடும், அவர்களுக்குப் புகார் இல்லை. ஏ.சி. வைத்திருப்பவருக்கும் புகார் இல்லை. ஒற்றை மின்விசிறி வைத்திருப்பவர்தான் அடுத்தவரின் கட்டணத்தையும் கட்டுகிறார். உங்கள் ஆடிட்டருக்கும் வங்கிக்கும் வருமான வரித் துறைக்கும் வேண்டியது மொத்த எண். மேற்செலவு சரக்கு இருப்பிலும் லாப நஷ்டக் கணக்கிலும் முழுமையாக வந்துவிட்டால் அவர்கள் வேலை முடிந்தது. எந்த பம்ப் தலையில் எவ்வளவு ஏறியது என்று அவர்கள் கேட்பதில்லை. ஒன்றில் கூடுதலாக ஏற்றியது இன்னொன்றில் குறைவாக ஏற்றியதோடு நேராகிவிடும். கணக்கியல் பேராசிரியர்கள் எச். தாமஸ் ஜான்சனும் ராபர்ட் காப்லனும் 1987இல் எழுதிய நூலில் இந்தக் குற்றச்சாட்டைத்தான் வைத்தார்கள். முதலாளியும் பொறியாளரும் தங்கள் முடிவுகளுக்காக உருவாக்கிய கணக்கு, வெளியாருக்கான நிதி அறிக்கையின் துணைப் பதிவேடாகச் சுருங்கிவிட்டது என்றார்கள். அவர்கள் சொன்ன அளவுக்கு எல்லா இடத்திலும் அப்படித்தான் நடந்ததா என்று வரலாற்று ஆய்வாளர்கள் விவாதிக்கிறார்கள். ஆனால் உங்கள் தாளைப் பார்க்கும்போது எனக்கு அந்த நூல்தான் நினைவுக்கு வருகிறது.

நம் நாட்டில் இதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது என்று நினைக்கிறேன். நீங்கள் தேர்வு எழுதும் அடக்கவிலைக் கணக்காளர் நிறுவனம் 1944இல் கல்கத்தாவில் தொடங்கியது, 1959இல் நாடாளுமன்றச் சட்டத்தின் கீழ் வந்தது. 1965இல் கம்பெனிச் சட்டத்தைத் திருத்தி, குறிப்பிட்ட தொழில்களுக்கு அடக்கவிலைத் தணிக்கையைக் கொண்டுவந்தார்கள். விலைக் கட்டுப்பாட்டுக் காலத்தில் கேள்வி கேட்டது பெரும்பாலும் அரசு. ஒரு பொருளின் முழு அடக்கம் என்ன என்பதே அதன் கேள்வி. அதனால் முழுச் செலவையும் ஏற்றிக் காட்டுவதில் நாம் கெட்டிக்காரர்கள் ஆனோம். இந்தப் பொருளை நிறுத்தினால் என்ன மிஞ்சும் என்ற கேள்விக்கு அதே தாளை நீட்டும் பழக்கமும் கூடவே வந்துவிட்டது. பொருளாதார அறிஞர் ஜான் மாரிஸ் கிளார்க் 1923லேயே எச்சரித்திருந்தார், வெவ்வேறு நோக்கத்துக்கு வெவ்வேறு செலவு என்று.

ஜெனரல் மோட்டார்ஸ் போன்ற பிரமாண்ட நிறுவனங்களின் கதை உங்களுக்கு உடனடியாக வேண்டியதில்லை. டூபான்ட் வெடிமருந்து நிறுவனத்தில் டொனால்ட்சன் பிரவுன், முதலீட்டின் மீதான வருவாயை விற்பனை லாப விகிதமாகவும் முதலீட்டுச் சுழற்சியாகவும் (முதலீட்டைப்போல எத்தனை மடங்கு விற்பனை) உடைத்துக் காட்டியதைத் தேர்வுக்காகப் படித்துக்கொள்ளுங்கள். பல தொழில் வைத்திருப்பவர் அடுத்த ரூபாயை எதில் போடுவது என்ற கேள்விக்கு அது விடை.

உங்களுக்கு மிக நெருங்கிய கதை 1980களில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், வாட்டர்லூ நகரில் நடந்தது. டிராக்டர் தயாரிக்கும் ஜான் டீர் நிறுவனத்தின் உதிரிபாகப் பிரிவு, அதே நிறுவனத்தின் மற்ற பிரிவுகளுக்கு விலைப்புள்ளி கொடுத்து ஆர்டர் எடுக்க வெளியாருடன் போட்டியிட வேண்டி வந்தது. பெரிய எண்ணிக்கையில் தொடர்ந்து தேவைப்படும் பாகங்களுக்கான ஆர்டர்கள் எல்லாம் வெளியே போயின. சின்னச் சின்ன எண்ணிக்கை ஆர்டர்கள் இவர்களுக்கே வந்து குவிந்தன. அவர்களின் இயந்திரங்களோ பெரிய எண்ணிக்கைக்காகவே வாங்கப்பட்டவை. தோண்டிப் பார்த்தால், ஒவ்வொரு சிறு ஆர்டருக்கும் இயந்திரத்தை மாற்றி செட்டிங் செய்வதும், ஆர்டரைப் பதிவு செய்வதும், பொருளை இடம் மாற்றுவதும், பாக எண்களைப் பராமரிப்பதும் பெரும் செலவு. அந்தச் செலவு கூலி, இயந்திர நேரம், மூலப்பொருள் விகிதங்களில் பெரிய ஆர்டர்களின் தலையில் ஏறிக்கொண்டிருந்தது. காப்லனும் இன்னொரு பேராசிரியரான ராபின் கூப்பரும் இத்தகைய நிறுவனங்களைப் பார்த்துத்தான் செயல்பாடு சார்ந்த அடக்கவிலை முறைக்கு, அதாவது செட்டிங், பரிசோதனை போன்ற ஒவ்வொரு வேலையின் செலவையும் அதைப் பயன்படுத்தும் பொருளின் மேலேயே ஏற்றும் முறைக்கு, வடிவம் கொடுத்தார்கள்.

இப்போது அதே கண்ணோடு உங்கள் தாளைப் பார்ப்போம். 14 லட்சத்தில் சி.என்.சி. தேய்மானம், மின்சாரம், பராமரிப்பு 6 லட்சம். செட்டிங், புரோகிராம், வரைபடம், தரப் பரிசோதனை 5 லட்சம். கட்டடம், அலுவலகம் 3 லட்சம். இயந்திர நேரத்தில் பாதி ஸ்பெஷல் பம்புக்கு என்பதால் 3 லட்சம் அதன் பங்கு. வீட்டு பம்ப் பத்து பேட்ச், ஸ்பெஷல் நாற்பது ஆர்டர், ஆக ஐம்பது செட்டிங்கில் நாற்பது அதற்கு. எனவே 5 லட்சத்தில் 4 லட்சம். மீதி 3 லட்சத்தை இப்போதைக்குக் கூலி விகிதத்திலேயே விடுங்கள். மொத்தக் கூலி 4 லட்சத்தில் ஸ்பெஷல் பம்பின் பங்கு ஒரு லட்சம், ஆகவே 75,000. கூட்டினால் 7.75 லட்சம், ஒரு பம்புக்கு 7,750 ரூபாய். நீங்கள் ஏற்றிக்கொண்டிருப்பது 3,500. விற்பனை விலை 22,000, மூலப்பொருள் 14,000, கூலி 1,000. லாபம் 3,500 என்று இருந்தது, 750 ரூபாய் நஷ்டமாகத் திரும்புகிறது. வீட்டு பம்பின் மேற்செலவு 525 ரூபாயிலிருந்து 312 ரூபாய் 50 காசாக இறங்கி, 75 ரூபாய் நஷ்டம் 137 ரூபாய் 50 காசு லாபமாகிறது. மாதத்தின் மொத்த லாபம் இரண்டு கணக்கிலும் 2 லட்சம்தான், கூட்டிப் பாருங்கள். அதனால்தான் இத்தனை ஆண்டுகளாக யார் கண்ணிலும் இது படவில்லை.

இதைப் பார்த்துவிட்டு ஸ்பெஷல் பம்பை நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள். அதுவும் ஒன்றுக்கு 7,000 ரூபாய், அதாவது மாதம் 7 லட்சம் உள்ளே கொண்டுவருகிறது. நிறுத்துவதா என்பது ஒரு கேள்வி. அதற்கு நிறுத்தினால் எந்தச் செலவு நிஜமாக நிற்கும் என்று பார்க்க வேண்டும். எந்த விலைக்கு ஆர்டர் எடுப்பது, எந்த ஆர்டரைத் தேடிப் போவது என்பது வேறு கேள்வி. 7,750 என்ற எண் அந்த இரண்டாவது கேள்விக்கு உதவும். ஒரு பம்புக்கு ஒரு விலை என்று வைக்காமல் ஆர்டருக்கு இவ்வளவு என்று செட்டிங் கட்டணம் தனியாக வாங்க முடியுமா? ஒரே மாதிரியான ஆர்டர்களைச் சேர்த்து வாரம் ஒருமுறை ஓட்ட முடியுமா? முதலாளியிடம் பேச வேண்டியது இவற்றைத்தான்.

எல்லா செட்டிங்கும் ஒரே நேரம் பிடிக்கும் என்று நான் வைத்துக்கொண்டது தோராயம். அதைச் சரிபார்க்க மென்பொருள் எதுவும் வாங்க வேண்டாம். ஒவ்வொரு சி.என்.சி. பக்கத்திலும் ஒரு நோட்டுப் புத்தகம் கட்டித் தொங்கவிடுங்கள். ஆர்டர் எண், செட்டிங் தொடங்கிய நேரம், முதல் பீஸ் பரிசோதனையில் பாஸான நேரம், இந்த மூன்று மட்டும் போதும். செட்டரிடம் போய் எதற்காக எழுதச் சொல்கிறீர்கள் என்று விளக்குங்கள். தன்னைக் கண்காணிக்க என்று அவர் நினைத்துவிட்டால் நேரங்கள் எல்லாம் அழகான முழு எண்களாக வந்து சேரும். முறையான கணக்குப் புத்தகங்களில் இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள். சரக்கு இருப்பு மதிப்பீட்டுக்கு முழு அடக்கம் தேவை, அதை ஆடிட்டருடன் பேசாமல் ஆண்டின் நடுவில் மாற்றுவது சரியல்ல. உங்கள் எண்களின்படி ஆண்டு விற்பனை 13 கோடிக்குள் இருக்கிறது. கட்டாய அடக்கவிலைப் பதிவேட்டுக்கான 35 கோடி வரம்பு உங்களைத் தொடவில்லை. அதனால் இந்த இரண்டாவது கணக்கை உங்கள் வசதிப்படி வடிவமைக்கலாம்.

முதலாளியிடம் பேசும்போது பழைய முறை தப்பு என்று ஆரம்பிக்காதீர்கள். அவர் தொழில் தொடங்கிய நாளில் பட்டறையில் லேத்தும் ஆட்களும்தான் இருந்திருப்பார்கள், கூலி சதவீதம் அன்றைக்குப் பொருத்தமாகவே இருந்திருக்கும். ஒரே ஒரு தாளை எடுத்துப் போங்கள். நிறுத்தினால் போகும் 9 லட்சம் முதல் வரியில் இருக்கட்டும், நிறுத்தினால் நிஜமாக மிச்சமாகும் செலவுகளின் பட்டியலை அவரையே நிரப்பச் சொல்லுங்கள். எந்தச் செலவு நிற்கும், எது நிற்காது என்று அவருக்கு உங்களையும் என்னையும்விட நன்றாகத் தெரியும். அந்தப் பட்டியல் 9 லட்சத்தைத் தொடாதவரை வீட்டு பம்ப் ஓடட்டும். ஒரு மாத நோட்டுப் புத்தகம் நிரம்பியதும் செட்டிங் நேரங்களை எனக்கு அனுப்புங்கள். இரண்டு பம்ப் ஆர்டருக்குக் குறைந்தபட்சம் என்ன கட்டணம் வாங்க வேண்டும் என்பதை அப்போது சேர்ந்து கணக்கிடலாம்.